ஊரடங்குப் பஞ்சாங்கம்

கொரோனா என்னும் தொத்துநோய் நம் நாட்டில் புகுந்து, ஜனங்களை ஆட்டி வைத்து, ஒருவாறு ஓய்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. செத்தவர்களைப் புதைத்தாயிற்று, எரித்தாயிற்று. கெட்டுப் போனவர்கள் கெட்டபடியே இருக்கிறார்கள். “போனதைப் பற்றி இப்போது பேசுவானேன்?” என்று சிலர் கேட்கலாம். போனதைப் பற்றிப் பேசாத வழக்கத்தினாலேயேதான், நம் நாட்டில் பழைய மடத்தனமே திரும்பத் திரும்பப் புது வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது என்பது நமது அபிப்பிராயம். அன்றியும், தொத்துநோய் என்பது ஒரு தடவை வந்துவிட்டு, இனி வருவதில்லை என்று முச்சலிக்கா எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுமல்ல. ஆகவே, மறுபடியும் ஒன்று வருவதற்கு முன், போன தடவை நாம் எப்படி நடந்துகொண்டோம், நம்மை எப்படி நடத்தினார்கள் என்பதைக் கள்ளக்குறிச்சி ஜில்லாவையும் கல்வராயன் மலையையும் உதாரணமாக வைத்துக்கொண்டு சற்று யோசித்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவதாக ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். ஊரடங்கே கூடாது என்பது நமது கட்சியல்ல. “நோயே பொய், எல்லாம் கட்டுக்கதை” என்று பேசினவர்களுக்கும், “எல்லாம் கலிகாலத்தின் கோலம்” என்று பேசினவர்களுக்கும் புத்தியில் அதிக வித்தியாசமில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமியால், மூச்சுக் காற்றின் வழியாகப் பரவுகிற நோய்க்கு, மனிதர் நெருங்கிக் கூடாமலிருப்பது ஒரு தடை என்பது உண்மையே. ஆனால் ஊரடங்கு என்பது மருந்தல்ல, அது தவணை. நோய் ஓடுகிற வேகத்தைச் சற்றுக் குறைத்து, அந்த அவகாசத்தில் யாருக்கு நோய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பரிசோதித்துக் கண்டுபிடித்து, இருக்கிறவனைத் தனியே வைத்துப் பார்த்து, இல்லாதவனை வேலைக்கு அனுப்புவதற்காக வாங்கும் தவணையே ஊரடங்காகும். தவணை வாங்கினவன் அதற்குள் பணம் தேடாமல் திண்ணையில் படுத்துத் தூங்கினால் கடன் எப்படி அடையும்? அதுபோலவே, பரிசோதனை இல்லாத ஊரடங்கும் வீட்டைப் பூட்டிக்கொண்டு காத்திருப்பதுதானே ஒழிய வேறில்லை.

இனி, நடந்ததைப் பார்ப்போம். 2020ஆம் வருஷம் ஜனவரி 30ஆம் தேதி கேரளத்தில் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். மார்ச்சு 7ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். மார்ச்சு 22ஆம் தேதி தேசமெங்கும் மாலை 5 மணிக்குக் கை தட்டச் சொன்னார்கள். தட்டினோம். சிலர் கையோடு நில்லாமல் தாம்பாளத்தையும் தட்டினார்கள். மார்ச்சு 25 முதல் 21 நாள் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் 5ஆம் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கை அணைத்துவிட்டு அகல் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினோம். பிறகு ஊரடங்கு மே 3 வரை நீண்டது. மே 17 வரை நீண்டது. மே 31 வரை நீண்டது.

தோழர்களே! இந்தத் தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். இது வைத்திய சாஸ்திரமாகத் தெரிகிறதா, பஞ்சாங்கமாகத் தெரிகிறதா? உலக சுகாதார ஸ்தாபனமானது 2020 மே மாதத்தில், ஓர் இடத்தில் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதற்கு முன், போதுமான அளவு பரிசோதனை செய்து, அதில் நோய் உண்டென்று வருபவர் நூற்றுக்கு 5க்குக் குறைவாக 14 நாளாவது தொடர்ந்து இருக்கிறதா என்று பார்க்கும்படி யோசனை சொல்லிற்று. அதாவது, தளர்வுக்கு நாள் குறிக்க வேண்டியது பரிசோதனைக் கணக்கே தவிர, காலண்டர் அல்ல. நம் நாட்டிலோ முதலில் நாள் குறித்தார்கள். கணக்குப் பின்னால் வந்தது. கலியாணத்துக்கு முகூர்த்தம் வைத்துவிட்டு, பிறகு மாப்பிள்ளை உயிரோடிருக்கிறானா என்று விசாரிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

“ஏன், ஜில்லாக்களைச் சிவப்பு என்றும், ஆரஞ்சு என்றும், பச்சை என்றும் கணக்குப் பார்த்துத்தானே பிரித்தார்கள்?” என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். பிரித்தது வாஸ்தவமே. ஆனால் அந்த வர்ணம் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளைப் பொறுத்தது. கண்டுபிடிப்பது பரிசோதனையைப் பொறுத்தது. பரிசோதியாத ஊரில் நோயாளி எப்படிக் கணக்கில் வருவான்? விளக்கைக் கொண்டுபோகாத அறையில் பாம்பு இல்லை என்று சொல்லுவதுபோல், ஆஸ்பத்திரிக்காரன் எட்டிப் பாராத மலையும் காடும் பச்சையாகவே தோன்றும். அங்கே ஜனங்கள் செத்தால் “காய்ச்சலால் செத்தான்”, “மூச்சு முட்டிச் செத்தான்”, “வயசாகிச் செத்தான்” என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நிற்க. கள்ளக்குறிச்சி விஷயத்தை எடுத்துக்கொள்ளுவோம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானது 2019 நவம்பர் 26ஆம் தேதியாகும். அடுத்த நாலு மாதத்திற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. கலெக்டர் வந்தார், போலீஸ் சூப்பிரண்டெண்டு வந்தார், பெயர்ப்பலகை வந்தது. ஆனால் மெடிக்கல் காலேஜ் வரவில்லை. தமிழ்நாட்டில் இந்த நோய்க்கான பரிசோதனை முதலில் சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஆரம்பித்து, பிறகு பெரும்பாலும் மெடிக்கல் காலேஜ் இருந்த ஊர்களிலேயே பரவிற்று. பழைய ஜில்லாவின் மெடிக்கல் காலேஜோ விழுப்புரத்துக்கும் அப்பால் முண்டியம்பாக்கத்தில் இருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து அது 50 மைலுக்குக் குறையாது. கல்வராயன் மலைமேலிருக்கிற வெள்ளிமலையிலிருந்து பார்த்தாலோ, முதலில் மலையிறங்கிக் கச்சிராயபாளையம் வரவேண்டும், பிறகு கள்ளக்குறிச்சி வரவேண்டும், அதற்குப் பிறகு அந்த 50 மைல். கள்ளக்குறிச்சிக்கென்று சிறுவங்கூரில் கட்டிய மெடிக்கல் காலேஜ் திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12ஆம் தேதியன்று. அதற்குள் நோய் முதல் அலையும் அடித்து, இரண்டாம் அலையும் அடித்து, மூன்றாவதும் ஆரம்பித்திருந்தது.

இஃதிப்படியிருக்க, சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் நடந்ததையும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல் 26 முதல் சில நகரங்களில் முழு ஊரடங்கு என்று திடீரென அறிவித்ததும், முதல் நாள் ஜனங்கள் காய்கறிக்காக அங்கே முண்டியடித்துக்கொண்டு கூடினார்கள். பிறகு அந்த மார்க்கெட்டிலேயே நோய் பெருகியிருப்பது தெரிந்து, மே 5ஆம் தேதி அதை மூடினார்கள். அங்கே மூட்டை தூக்கினவர்களும், கூலி வேலை செய்தவர்களும் கடலூர், விழுப்புரம், அரியலூர், கள்ளக்குறிச்சி என்று அவரவர் சொந்த ஜில்லாவுக்குத் திரும்பினார்கள். உடனே அந்த ஜில்லாக்களில் நோய்க் கணக்கு மடமடவென்று ஏறிற்று.

அந்தக் கூலிக்காரன் ஊர் திரும்பியபோது அவனுக்கு என்ன நடந்திருக்கும் என்பதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டியதில்லை. அவனுக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்பது அவனுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. முடிவு வருகிறவரையில் அவன் யார்? நோயாளியா? நோயாளி என்றால் வைத்தியம் செய்யவேண்டும். சுகவாசியா? சுகவாசி என்றால் வேலைக்கு விடவேண்டும். இரண்டுமில்லை. அவன் ‘தீட்டு’ப்பட்டவன்! அவன் வந்த வழியில் முள்ளை வெட்டிப் போடுவது, அவன் பெண்சாதியைக் குழாயடியில் நிறுத்தாமல் விரட்டுவது, அவன் குழந்தைகளோடு பிள்ளைகளை விளையாட விடாதிருப்பது ஆகிய காரியங்களை நம் ஜனங்களுக்கு ஒருவரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஈராயிரம் வருஷமாய்ச் சேரியைத் தள்ளிவைத்துப் பழகின கைக்கு இது எம்மாத்திரம்? ‘சமூக இடைவெளி’ என்று அதற்கு ஒரு பெயரும் சூட்டிக் கொடுத்துவிட்டார்கள். கிருமி இல்லாமலேயே சமூக இடைவெளி காத்த சமூகமல்லவா நம்முடையது!

பரிசோதனை என்பதன் அருமை இங்கேதான் இருக்கிறது என்று நாம் சொல்லுகிறோம். மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, அதிலிருக்கும் கிருமியின் மூலச்சரடு அணுவளவாக இருந்தாலும் அதை ஒன்று இரண்டாய், இரண்டு நாலாய், நாலு எட்டாய்ப் பெருக்கி, உண்டு அல்லது இல்லை என்று இயந்திரம் காட்டிவிடுகிறது. அதற்கு ஜாதி தெரியாது, மதம் தெரியாது, சென்னையிலிருந்து வந்தவனா மலையிலிருந்து வந்தவனா என்பது தெரியாது. நோய்க்குத் தேதியும் அளவும் முடிவும் உண்டு. ஏழு நாளோ பதினாலு நாளோ தனியே இருந்தால் தீர்ந்தது. தீட்டுக்கோ அளவுமில்லை, முடிவுமில்லை. ஆகவே, பரிசோதனை இல்லாத இடத்தில் நோயானது தீட்டாக மாறிவிடுகிறது. ஏழைக்குப் பரிசோதனையை மறுப்பது அவனுக்கு வைத்தியத்தை மாத்திரமல்லாமல் அவன் மானத்தையும் மறுப்பதாகும்.

இதே காரணத்தினால்தான் 2020 ஏப்ரலில், டில்லியில் நடந்த ஒரு மதக் கூட்டத்திற்குப் போய் வந்தவர்களைச் சாக்காக வைத்து, காய்கறி விற்கும் ஏழை முஸ்லிமைக்கூடத் தெருவில் நுழையவிடாமல் தேசத்தின் பல பாகங்களிலும் துரத்தினார்கள். நோய்க்காலத்தில் கூட்டம் கூடினது மடமையே. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த வருஷம் 2021 ஏப்ரலில், இரண்டாம் அலை எழும்பிக்கொண்டிருக்கும்போது, ஹரித்துவாரத்தில் கும்பமேளா என்று லட்சக்கணக்கானவர்கள் கங்கையில் முழுகினார்களே, அப்போது அந்த நியாயம் எங்கே போயிற்று? கிருமிக்கு முஸ்லிம் கூட்டமும் ஒன்றுதான், இந்துக் கூட்டமும் ஒன்றுதான். அதே 2020 ஏப்ரலில், நோயாளிகளுக்கு வைத்தியம் செய்யும் தொழிலிலிருந்து அந்நோயாலேயே மாண்ட ஒரு வைத்தியரைச் சென்னையில் புதைக்கவொட்டாமல் ஜனங்கள் கல்லும் கட்டையும் கொண்டு தடுத்தார்களே, அதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

“பரிசோதனைச் சாமான் போதாதே, என்ன செய்வது?” என்பார்கள். போதவில்லை என்பது உண்மை. சீனத்திலிருந்து அவசர அவசரமாகத் தருவித்த துரிதப் பரிசோதனைப் பெட்டிகளும், முடிவு நம்பத்தக்கதாயில்லை என்று 2020 ஏப்ரலிலேயே நிறுத்தப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்டன. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு சர்க்கார் நம்பத்தக்க பரிசோதனை முறையையே கைக்கொண்டதும், மற்ற பல மாகாணங்களைவிட அதிகமாகப் பரிசோதித்ததும் பாராட்டத்தக்கதே. ஆனால் மொத்தக் கணக்கு வேறு, மலைக்குக் கிடைத்த பங்கு வேறு. ஊருக்கெல்லாம் சமையல் நடந்தது என்பதனால் கடைசிப் பந்திக்காரன் வயிறு நிரம்பிவிடுமா?

அன்றியும், சாமான் குறைவாயிருந்தாலும் புத்தி குறைவாயிருக்க வேண்டியதில்லை. 1943ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் ராபர்ட் டார்ஃப்மன் என்பவர், பட்டாளத்துச் சிப்பாய்களின் இரத்தத்தில் மேகநோய் இருக்கிறதா என்று பார்க்க, பலருடைய இரத்தத்தை ஒன்றாய்க் கலந்து ஒரே பரிசோதனை செய்யும் வழியைச் சொன்னார். கலந்ததில் நோய் இல்லையென்றால் அத்தனை பேருக்கும் இல்லை என்றாகிவிடும். உண்டென்றால் மாத்திரம் அவர்களைத் தனித்தனியே பார்த்தால் போதும். நம் நாட்டு வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலும் 2020 ஏப்ரலில், நோய் மிகக் குறைவாயிருக்கும் இடங்களில் 5 பேர் வரையில் சேர்த்துப் பரிசோதிக்கலாம் என்று யோசனை கூறிற்று. ஒரு மலைக்கிராமத்தில் 100 பேர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தைந்து பேராய்ச் சேர்த்தால் 20 பரிசோதனை. அவர்களில் ஒருவனுக்கு மாத்திரம் நோய் இருந்தால், அவன் சேர்ந்த கூட்டத்துக்கு இன்னும் 5. ஆக மொத்தம் 25 பரிசோதனையில் 100 பேருக்கும் முடிவு தெரிந்துவிடும். ஊரும் திறந்துவிடும், கூலிக்காரனும் வேலைக்குப் போய்விடுவான். கூட்டவும் கழிக்கவும் தெரிந்தால் போதும். இதற்கு முகூர்த்தம் எதற்கு?

சரி, தளர்வு வந்தபோது எது முதலில் திறந்தது? 2020 மே 7ஆம் தேதி, சென்னை நீங்கலாக, சர்க்கார் மதுக்கடைகள் திறந்தன. கூட்டம் நெரிந்ததைக் கண்டு மறுநாளே ஐக்கோர்ட்டு மூடச் சொல்லிற்று. சர்க்கார் டில்லி சுப்ரீம் கோர்ட்டு வரையில் ஓடித் தடையுத்தரவு வாங்கி, மே 16ஆம் தேதி மறுபடியும் திறந்தது. ஜூலை 1ஆம் தேதி முதல் கிராமத்துச் சிறு கோவில்கள் திறந்தன. செப்டம்பர் 1ஆம் தேதி பெரிய கோவில்களும் திறந்தன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது எப்போது என்றால், 2021 நவம்பர் 1ஆம் தேதி! இரண்டாம் அலையின்போதும், 2021 ஜூன் 14ஆம் தேதி கள்ளக்குறிச்சி உள்ளிட்ட 27 ஜில்லாக்களில் மதுக்கடை திறந்தபோது, அந்த ஜில்லாவில் பஸ் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அதாவது, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியில்லாத நாளில் குடிக்கப் போகக் கடையிருந்தது. ஒரு சர்க்காருக்கு எது முக்கியம் என்பதை அதன் பிரசங்கங்களிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது எந்தக் கதவை முதலில் திறக்கிறது என்பதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

கல்வராயன் மலைக்காரருக்கு இது எவ்வளவு கொடுமை என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து சர்க்கார் ஆட்சிக்குள் வந்ததே 1976ஆம் வருஷத்தில்தான். சாமையும் தினையும் குச்சிக்கிழங்கும் விளைத்தும், அது போதாமல் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குப் போயும் பிழைக்கிற ஜனங்கள் அவர்கள். அவர்களைப் பார்த்து, வெளியூர் போக ‘இ-பாஸ்’ வேண்டும், அதைக் கைப்பேசியில் கேட்டு வாங்கிக்கொள் என்றார்கள். கைப்பேசிக்கு அலை எட்டாத மலைச்சரிவில் இருப்பவன் யாரிடம் கேட்பான்? 2020 ஆகஸ்ட் முடியும்வரை அந்தச் சீட்டு வேண்டியிருந்தது. பிள்ளைகளைப் பார்த்து, வீட்டிலிருந்தபடியே கைப்பேசியிலும் டெலிவிஷனிலும் படி என்றார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் எழுத்து மறந்த பிள்ளை ஆடு மேய்க்கப் போயிற்று. 2020 ஏப்ரலில் அரிசிக் கார்டுக்கு 1,000 ரூபாயும், 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் சர்க்கார் கொடுத்தது. கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. மாதக்கணக்கில் கூலியில்லாத குடும்பத்துக்கு அது எத்தனை நாள் கஞ்சிக்குக் காணும் என்றுதான் கேட்கிறோம்.

கடை திறக்கிற நேரத்தைக் காவல் காக்கப் போலீஸ் இருந்தது. 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில், குறித்த நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துப்போன தகப்பனும் மகனும் காவலில் அடிபட்டு மாண்டதை நாடறியும். பரிசோதனைக் குச்சி போகாத இடத்துக்கெல்லாம் போலீஸ் தடி போயிற்று என்றால் அது மிகையாகுமா?

ஜனங்களுக்குக் கோபம் வந்தது. வந்தது நியாயமே. ஆனால் அந்தக் கோபம் எங்கே போயிற்று என்பதே நமது வருத்தம். பாதி, திரும்பி வந்த கூலிக்காரன் மேலும் பக்கத்து வீட்டு நோயாளி மேலும் போயிற்று. மீதிப் பாதி, கோவிலில் போய் அழுகையாக முடிந்தது. 2021இல் கோயம்புத்தூரில் ‘கொரோனா தேவி’ என்று ஒரு சிலை செய்து வைத்துப் பூசையே போட்டார்கள்! முன்பு பெரியம்மைக்கு மாரியாத்தாள் என்றார்கள். வேப்பிலை கட்டிக் கூழ் ஊற்றின காலமெல்லாம் பெரியம்மை போகவில்லை. ஊர் ஊராய்ச் சென்று, வீடு வீடாய்த் தேடி, நோயாளியைக் கண்டுபிடித்து, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் அம்மை குத்தினபின் 1975இல் இந்தியாவை விட்டும், 1980க்குள் உலகத்தை விட்டும் போய்விட்டது. தேடிக் கண்டுபிடித்ததனால் ஒழிந்ததா, கும்பிட்டதனால் ஒழிந்ததா என்பதைப் பக்தர்களே சொல்லட்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன் பிறகே கல்வராயன் மலை ஜனங்களின் வாழ்வைப் பற்றி ஐக்கோர்ட்டு தானாகவே வழக்கெடுத்து, ரோட்டும் ஆஸ்பத்திரியும் எங்கே என்று சர்க்காரைக் கேட்க ஆரம்பித்தது. நல்லதே. ஆனால் பிணம் விழுந்தால்தான் ஜட்ஜு கேட்கவேண்டுமா? இருப்பவர்கள் கேட்கக்கூடாதா?

ஆதலால், கள்ளக்குறிச்சித் தோழர்களையும், சங்கராபுரம், சின்னசேலம் தோழர்களையும், முக்கியமாகக் கல்வராயன் மலைத் தோழர்களையும் நாம் கேட்டுக்கொள்வதென்னவென்றால், அடுத்த கிராமசபையில் இந்த மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள் என்பதே. ஒன்று, தொத்துநோய் வந்தால் நம் மலையில் எடுக்கிற மாதிரி எங்கே போகும், எத்தனை மணி நேரத்தில் முடிவு திரும்பி வரும்? இரண்டு, எங்கள் ஊரை மூடவும் திறக்கவும் எந்தக் கணக்கைப் பார்ப்பீர்கள், அந்தக் கணக்கை எங்களுக்குக் காட்டுவீர்களா? மூன்று, மறுபடியும் மூட நேர்ந்தால் முதலில் திறப்பது பள்ளிக்கூடமா, மதுக்கடையா?

இந்த மூன்றுக்கும் பதில் வாங்காதவரையில், அடுத்த நோய்க்கும் நமக்குக் கிடைக்கப்போவது கைதட்டும் அகல் விளக்கும், மாற்றி மாற்றி ஒட்டுகிற தேதியுமேயாகும். பஞ்சாங்கத்தைப் பார்ப்பானிடமிருந்து பிடுங்கி சர்க்கார் கையில் கொடுப்பதல்ல சுயமரியாதை. பஞ்சாங்கத்தைக் கீழே போட்டுவிட்டுக் கணக்கைக் கையில் எடுப்பதே சுயமரியாதையாகும்.